நின்றவர், கைதட்டியவர், ஓடியவர்: மூவரில் யார் செய்தது சரி?

திருப்பரங்குன்றத்திலிருந்து எழுதியிருக்கும் நண்பரின் கேள்வி இதுதான். சிறுமலையில் காப்பித் தோட்டங்களுக்கு இடையே போகும் ஒரு மண்பாதையில், விடிந்தும் விடியாத நேரத்தில், அவரும் நண்பர்கள் இருவரும் நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு வளைவு திரும்பியதும் ஏறத்தாழ 15 அடி தூரத்தில் ஒற்றைக் காட்டுமாடு நின்றது. இவர் அப்படியே நின்றுவிட்டார். ஒருவர் கைதட்டிக் கத்தினார். மற்றவர் வந்த வழியே மேட்டில் ஏறி ஓடினார். மாடு ஒருமுறை சீறிவிட்டுப் பள்ளத்துப் பக்கம் இறங்கிப் போய்விட்டது. மூவரில் யார் செய்தது சரி என்றும், ஆடி அமாவாசைக்குச் சதுரகிரிக்குப் போகும்போது யானை எதிர்ப்பட்டால் இதையே செய்யலாமா என்றும் கேட்கிறார். சொற்கள் இவையானாலும், அன்று தங்களைக் காப்பாற்றியது எது, மறுமுறையும் அது துணைக்கு வருமா என்பதே அவர் உண்மையில் அறிய விரும்புவது என்று நினைக்கிறேன்.

வனத்துறையில் வனக்காப்பாளராகச் சேர்ந்து வனவராக ஓய்வு பெற்றவன் நான். முப்பத்தோரு ஆண்டுப் பணியின் பெரும்பகுதி சிறுமலை அடிவாரத்திலும் சாப்டூர், வருசநாட்டுப் பகுதிகளிலும் கழிந்தது. விலங்கியல் படித்தவனல்லன், நடந்து கற்றதையும், உடன் வந்த பளியர் பழங்குடியினரிடம் கேட்டுக் கற்றதையுமே எழுதுகிறேன்.

உங்கள் மூவரில் எவர் செய்ததும் உங்களைக் காப்பாற்றவில்லை. பள்ளத்துப் பக்கம் வழி திறந்திருந்தது, அது காப்பாற்றியது. அந்த மாட்டுக்கு ஒரு பக்கம் தோட்டத்து முள்வேலியும் மறுபக்கம் செங்குத்தான வெட்டுச் சரிவும் இருந்து, நீங்கள் நின்ற பாதை ஒன்றே போக்கிடமாக இருந்திருந்தால், நின்றவரும் கைதட்டியவரும் ஓடியவரும் ஒரே முடிவைத்தான் கண்டிருப்பீர்கள். பெரிய விலங்கு எதிர்ப்பட்டதும் முதலில் பார்க்க வேண்டியது அதன் கொம்பையோ உயரத்தையோ அல்ல. அது எந்தப் பக்கமாகப் போக முடியும், அந்தப் பக்கத்தில் நாம் நிற்கிறோமா என்பதைத்தான்.

மதுரைக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது ஒருவகையில் எளிது, ஒருவகையில் கடினம். எளிது என்பதற்குக் காரணம், வாடிவாசலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, திறந்த வழியைப் பார்த்து ஓடும் மாடு எது, நின்று விளையாடும் மாடு எது என்பது சின்ன வயதிலேயே தெரியும். கடினம் என்பதற்கும் அதுவே காரணம். அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் மாட்டோடு பழகிய கண், காட்டில் நிற்பதையும் ஒரு பெரிய மாடாகவே பார்க்கிறது. புலிக்குளம் காளையைப்போல் இரு மடங்குக்கும் மேல் எடையுள்ளது வளர்ந்த ஆண் காட்டுமாடு. தோளுயரம் ஏறக்குறைய ஆறடி, எடை 600 கிலோவிலிருந்து ஒரு டன்வரை. நாட்டுமாட்டின் திமில் தசையும் கொழுப்பும் சேர்ந்தது, அதனால்தான் அணைந்து பிடிக்க முடிகிறது. காட்டுமாட்டின் முதுகில் மேடாகத் தெரிவது முள்ளெலும்புகளின் நீண்ட முனைகளைத் தசை போர்த்திய திட்டு. இன்னும் பலர் அதைக் காட்டெருமை என்றே எழுதுகிறார்கள். எருமைக்கும் அதற்கும் நெருங்கிய உறவு இல்லை, அது மாட்டினமே. சங்கப் பாடல்கள் ஆமா என்று சொன்னது இதைத்தான்.

தரையோடு படுத்துக்கொண்டால் மாடு தாண்டிப் போய்விடும் என்று சல்லிக்கட்டில் சொல்லிக்கொடுப்பார்கள். அதைக் காட்டுமாட்டிடமும் செய்யலாம் என்று என்னிடம் வாதிட்டவர்கள் உண்டு. திறந்தவெளியில் ஓடும் காளைக்குப் பொருந்தும் அந்த உத்தி, குறுகிய பாதையில் வழி அடைபட்டு வரும் காட்டுமாட்டுக்குப் பொருந்தும் என்று நம்புவதற்கு நான் எதையும் பார்த்ததில்லை. முட்டித் தள்ளப்பட்டு ஏற்கெனவே கீழே கிடப்பவர் எழுந்து ஓட முயலாமல் அசையாது கிடப்பது நல்லது. நிற்பவர் தாமாகப் படுப்பது வேறு விஷயம், அதை நான் சொல்ல மாட்டேன்.

காட்டுமாடு நமக்குத் தரும் அறிகுறிகளில் இரண்டை உறுதியாகச் சொல்லலாம். முதலாவது, மூக்கிலிருந்து வரும் சீறல். லாரி நிற்கும்போது பிரேக்கிலிருந்து காற்று வெளியேறுமே, அந்த ஒலிக்கு மிக அருகில் வரும். அது தாக்குதலின் தொடக்கம் அல்ல; உன்னைக் கண்டுகொண்டேன் என்ற எச்சரிக்கை. நண்பரின் காதில் விழுந்ததும் அதுதான். இரண்டாவது, ஆண் மாடு தன் பக்கவாட்டு உடலைக் காட்டி, விறைப்பாக, மெதுவாக அடியெடுத்து வைத்தல். படம் எடுப்பவர்கள் இதைத்தான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டது, நம்மைக் கண்டுகொள்ளவில்லை என்று எண்ணி இன்னும் இரண்டடி முன்னே போகிறார்கள். அது தன் முழு அளவையும் காட்டி, விலகிப் போ என்கிறது. கொடைக்கானலில் கடைத்தெருவுக்குள்ளும் பள்ளி வாசலிலும் காட்டுமாடுகள் நிற்பதைப் பார்த்துப் பழகியவர்கள், அவை வளர்ப்பு மாடுபோல் ஆகிவிட்டன என்று நினைக்கிறார்கள். மனிதரைக் கண்டு ஓடாமல் இருக்கப் பழகியிருக்கின்றன, அவ்வளவுதான். மனிதர் நெருங்குவதைப் பொறுத்துக்கொள்ளப் பழகவில்லை.

பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். சிறுமலையின் வடக்குச் சரிவில் உன்னிப்புதர் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்த ஒரு ஒற்றையடிப் பாதை. முன்னால் போய்க்கொண்டிருந்த பளியப் பெரியவர் சட்டென்று நின்று, திரும்பாமலே, இடுப்புக்குப் பின்னால் கையை விரித்துக் காட்டினார். எனக்கு எதுவும் தெரியவில்லை. பிறகு புதருக்குள் முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல் இரண்டு கால்கள் தெரிந்தன. அதற்கு மேலே இலைகளின் நிழல் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தது முழுவதும் உடல். தொழுவத்து வாடையைவிடக் கனமான ஒரு எண்ணெய் வாடை வந்தது. "சார், மூஞ்சியப் பாக்காதீங்க, அப்படியே காலத் தேச்சுப் பின்னால போங்க" என்று மட்டும் முணுமுணுத்தார். காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்துப் பத்துப் பன்னிரண்டு அடி பின்வாங்கிய பிறகு, பாதையை விட்டு மேட்டுப் பக்கமாக ஒதுங்கி ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் நின்றோம். கால் மணி நேரம் ஆகியிருக்கும். மாடு பாதையைக் கடந்து எதிர்ப்பக்கம் இறங்கியது. அது வரவேண்டிய வழியில்தான் நாங்கள் நின்றிருந்தோம் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. காலைத் தேய்த்துப் போகச் சொன்னதற்குக் காரணம் கேட்டேன். வேரில் இடறி விழுந்தால் மாடு மிரளும் என்றார். இதைவிடத் தெளிவான பாடம் எனக்குப் பயிற்சிக் காலத்தில் கிடைக்கவில்லை.

ஆக, நண்பர் மூவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதானால், நின்றவர் முதல் பாதியைச் சரியாகச் செய்தார்; ஆனால் நின்றதோடு முடிந்துவிடவில்லை, முகத்தை மாட்டின் பக்கமே வைத்துக்கொண்டு, கண்ணோடு கண் பாராமல், மெல்லப் பின்வாங்கியிருக்க வேண்டும். ஓடியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, நானும் ஒருமுறை ஓடியவன். ஆனால் மேட்டில் ஏறி எந்த மனிதனும் காட்டுமாட்டை முந்த முடியாது. கைதட்டியவர் செய்தது சரியான காரியம், தவறான நேரம். வளைவுக்கு முப்பது நாற்பது அடி முன்னாலேயே தட்டியிருந்தால் மாடு முன்கூட்டியே விலகியிருக்கும், உங்கள் கேள்வியும் பிறந்திருக்காது. பதினைந்தடியில் முகத்துக்கு நேரே தட்டும்போது அது அச்சுறுத்தலாகிவிடுகிறது.

இனி யானை. சதுரகிரியும் சாப்டூர் மலையும் இந்தியாவின் 51ஆவது புலிகள் காப்பகமாக 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைக் காட்டின் விளிம்பில் இருக்கின்றன. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட அந்தக் காட்டில்தான் நம் வைகையும் பிறக்கிறது. வத்திராயிருப்பு, சாப்டூர் அடிவாரத்து மாந்தோப்புகளுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் யானை இறங்குவது அங்குள்ள விவசாயிகளுக்குப் புதிய செய்தி அல்ல. காட்டுமாட்டிடம் செய்ததை யானையிடம் செய்யலாமா என்றால், பாதியை மட்டும் செய்யலாம். காட்டுமாடு கண்ணாலும் மூக்காலும் நம்மை அறிகிறது. யானைக்குக் கண் பெரிய உதவி இல்லை, மூக்குத்தான் எல்லாம். எனவே யானைக் காட்டில் முதலில் கேட்க வேண்டியது காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதே. ஒரு கைப்பிடி புழுதியை இடுப்பளவிலிருந்து விட்டுப் பாருங்கள். வெயில் ஏறும்போது சரிவில் காற்று கீழிருந்து மேலே போகும். அந்தி சாய்ந்ததும் மேலிருந்து கீழே இறங்கும். விடியலில் மலையேறிக் காலை முற்றும்போது மேலே யானை இருந்தால், நீங்கள் வருவது அதற்கு உங்களுக்கு முன்பே தெரிந்துவிடும். அது பெரும்பாலும் விலகிவிடும். அந்தியில் இறங்கும்போதும் உங்கள் வாடை உங்களுக்கு முன்னால் போகும். வாடை எட்டாமல் வளைவில் திடீரென்று முட்டிக்கொள்வதுதான் ஆபத்து.

நான் ஓடியதும் அப்படி ஒரு தருணத்தில்தான். சாப்டூர்ப் பக்கம் ஒரு ஓடையைக் கடக்கும் இடத்தில் பச்சை இலத்தி கிடந்தது. மேலே பளபளப்பு மாறவில்லை, ஈக்கள் அப்போதுதான் மொய்க்கத் தொடங்கியிருந்தன. பார்த்தவுடன் திரும்பியிருக்க வேண்டும். வேலை முடியவில்லை என்ற எண்ணத்தில் இன்னும் ஐம்பது அடி நடந்தேன். மூங்கில் முறியும் ஒலி ஒருமுறை கேட்டது, பிறகு நின்றுவிட்டது. தின்றுகொண்டிருக்கும் யானையின் காது ஆடிக்கொண்டே இருக்கும். ஒலியும் காதாட்டமும் சேர்ந்து நின்றால் அது நம்மைக் கவனிக்கிறது என்று பொருள். துதிக்கையின் நுனி மட்டும் புதருக்கு மேலே எழுந்து என் பக்கம் வளைந்ததைப் பார்த்ததும் கால்கள் தாமாக ஓடின. யானை துரத்தவில்லை. நானே பாறையில் சறுக்கி விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன்.

யானை துரத்தினால் என்ன செய்வது என்பதில் ஊரில் உலவும் பல அறிவுரைகள் ஐயத்துக்குரியவை. பள்ளத்தில் இறங்கி ஓடினால் யானையால் வர முடியாது என்பார்கள். பின்னங்காலை மடக்கிச் செங்குத்துச் சரிவில் யானை சறுக்கி இறங்குவதைப் பார்த்தவர் அதை நம்ப மாட்டார். வளைந்து வளைந்து ஓட வேண்டும் என்பதும் அப்படியே. மரங்களும் பாறைகளும் அடர்ந்த இடத்தில் அது பயன்படலாம், திறந்தவெளியில் நம் ஓட்டத்தைத்தான் குறைக்கும். காதை விரித்துப் பிளிறிக்கொண்டு வந்தால் பொய்த் துரத்தல், காதை ஒடுக்கித் துதிக்கையைச் சுருட்டிக்கொண்டு ஓசையின்றி வந்தால் மெய்த் துரத்தல் என்று நாங்களும் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் பொய்யாகத் தொடங்கியது மெய்யாக முடிந்த நிகழ்ச்சிகளும் உண்டு என்பதால், உயிரை அதில் பந்தயம் கட்டக்கூடாது. துண்டையோ பையையோ கீழே போட்டுவிட்டு ஓடுவது சில நேரம் பலன் தருகிறது, யானை நின்று அதை மோந்து மிதித்துப் பார்க்கும். உறுதியானது இவ்வளவே: யானை மணிக்கு ஏறக்குறைய 25 கிலோமீட்டர் வேகத்தில் வரக்கூடியது, கரடுமுரடான மலைப்பாதையில் நம்மில் எவரும் அந்த வேகத்தில் ஓட முடியாது, ஆகையால் தொலைவுதான் பாதுகாப்பு. யானைக்கு நூறு மீட்டர், காட்டுமாட்டுக்கு முப்பது மீட்டர் என்பது நான் எனக்கு வைத்துக்கொண்டிருந்த கணக்கு. கண்ணுக்கும் காதுக்கும் இடையே மதநீர் ஒழுகிக் கன்னம் கறுத்திருக்கும் ஆண் யானையையும், குட்டியுடன் நிற்கும் பெண் யானையையும் பார்த்தால் அந்தக் கணக்கும் போதாது, அன்றைய பயணத்தை விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும்.

கூட்டம் சேர்ந்தால் பாதுகாப்பு என்ற எண்ணமும் முழு உண்மையல்ல. 2023 மே மாதம் 27ஆம் தேதி அரிக்கொம்பன் யானை கம்பம் நகருக்குள் வந்தபோது, தெருவுக்குத் தெரு ஆட்கள் கத்திக்கொண்டும் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டும் நின்ற காட்சியைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அந்த யானை எந்தச் சந்தில் திரும்பினாலும் அங்கே ஆள் நின்றார்கள். இருசக்கர வண்டியில் வந்த ஒருவர் அன்று அதன் முன் அகப்பட்டுப் பின்னர் உயிரிழந்தார். ஜூன் 5ஆம் தேதி அதை மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் களக்காடு – முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். சிறுமலை பள்ளத்துப் பக்கம் உங்கள் மாட்டுக்குக் கிடைத்த வழி, கம்பத்துத் தெருக்களில் அந்த யானைக்குக் கிடைக்கவில்லை.

நண்பர் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சதுரகிரிப் பாதையில் யானையைவிட அதைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன். கரடி. புற்றைத் தோண்டிக் கறையான் உறிஞ்சும்போதும் இலந்தை, நாவல் உதிர்ந்த இடத்தில் மேயும்போதும் அது தலையைக் குனிந்தே இருக்கும். ஆள் வருவதை மிக அருகில் வந்த பிறகுதான் உணரும். உணர்ந்ததும் அது விலகி ஓடுவதைவிட எழுந்து பாய்வது அதிகம், பாய்ந்தால் முகத்தையும் தலையையும்தான் கிழிக்கும். மரத்தில் ஏறித் தப்ப முடியாது, அது நம்மைவிட நன்றாக ஏறும். புதிதாகத் தோண்டிய புற்றும், விதைகள் நிறைந்த எச்சமும் கண்டால், அந்த இடத்திலிருந்து பேசிக்கொண்டே போங்கள், தடியால் கல்லில் தட்டிக்கொண்டே போங்கள். பாய்ந்துவிட்டால் குப்புறப் படுத்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடிக்கொண்டு, முகத்தை மண்ணோடு வைத்துக்கொள்வதுதான் முகத்தையும் கழுத்தையும் காக்கும் முறை. சிறுத்தைக்கு இது நேர்மாறு. அதன் முன் குனியவோ உட்காரவோ கூடாது, நிமிர்ந்து நின்று குரல் உயர்த்த வேண்டும், குழந்தை இருந்தால் தூக்கிக்கொள்ள வேண்டும். புலியை நான் முப்பத்தோரு ஆண்டில் ஒருமுறைதான் பார்த்தேன், அதுவும் அதன் முதுகை. எனவே அதைப் பற்றி அறிவுரை சொல்ல எனக்குத் தகுதியில்லை. நாயைக் கூட்டிக்கொண்டு போவோர் மட்டும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: நாய் முன்னால் ஓடிக் குரைத்துவிட்டு, துரத்தும் விலங்கைத் தன் எசமானரிடமே கொண்டுவந்து சேர்க்கும்.

காயம் பட்டுவிட்டால் செய்ய வேண்டியதை மதுரையில் பலர் சல்லிக்கட்டு மைதானத்திலேயே பார்த்திருப்பார்கள். கொம்புக் காயம் வெளியே சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இருக்கும், உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கும். நடக்க முடிகிறதே என்று நடக்கவிடக்கூடாது. குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளாமல், சுத்தமான ஈரத்துணியால் மூடி, தண்ணீரும் உணவும் கொடுக்காமல் கொண்டுபோக வேண்டும். இரத்தம் பீறிட்டால் துணியை வைத்து அழுத்திப் பிடித்தபடியே இருங்கள், பார்ப்பதற்காக எடுத்து எடுத்து வைக்காதீர்கள். கரடியோ சிறுத்தையோ கடித்த, கீறிய காயமாக இருந்து இரத்தப்போக்கு அடங்கியிருந்தால், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு வெறிநோய்த் தடுப்பூசிக்கும் டெட்டனஸ் ஊசிக்கும் போக வேண்டும். நாய்க்கடிக்குத்தானே அந்த ஊசி என்று கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். எந்தப் பாலூட்டி கடித்தாலும் அது பொருந்தும். மலையில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும் இடம் எது என்பதை ஏறும்போதே பார்த்து வைத்துக்கொண்டால், 108ஐ அழைக்க ஓட வேண்டிய திசை தெரியும்.

சதுரகிரிக்கு வனத்துறை அனுமதிக்கும் நேரத்துக்குள்ளேயே ஏறி, அந்த நேரத்துக்குள்ளேயே இறங்கிவிடுங்கள். ஆடி அமாவாசைக் கூட்டத்தில் பாதையின் மேல் யானை நிற்பது அரிது. பாதையை விட்டு ஓடைப் பக்கம் தனியாக ஒதுங்குபவர்களுக்கும், கூட்டம் போன பிறகு கடைசியாக இருட்டில் இறங்குபவர்களுக்கும்தான் அது எதிர்ப்படும். ஒதுங்க வேண்டியிருந்தால் இருவராகப் போங்கள். மீந்த சாதத்தையும் பழத்தோலையும் பாதையோரம் போடாமல் பையில் கட்டிக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். நீங்கள் போட்டதைத் தின்ன வரும் விலங்கு உங்களுக்குப் பின்னால் வருபவருக்குத்தான் எதிர்ப்படும். சிறுமலைக்கு மறுபடி போவதானால், பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் இரவில் வண்டி ஓட்டும்போது மாடு குறுக்கே நின்றால் ஹாரன் அடிக்காமல், முன்விளக்கைத் தாழ்த்தி, கொஞ்சம் பின்னால் எடுத்து நிறுத்துங்கள். அது பள்ளத்துப் பக்கம் இறங்கும்வரை பத்து நிமிடம் ஆகலாம், சில நேரம் அரை மணியும் ஆகும்.